நாய்க்கு மட்டும்

ராஜபாளையம்
4.2.1993

திரு. மதார் சாகிப் அவர்களுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலையில் முடிவு செய்தேன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பேச்சு நின்று ஒன்பது வருடமாகிறது. இந்த ஒன்பது வருடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் மருந்துக்கடை எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் நல்ல கடை என்றுதான் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை பஸ் கண்டக்டர் ஐயாதுரை உங்கள் கடையிலிருந்து ஒரு பல் தைலம் வாங்கி வந்து கொடுத்தார். ஈறு வீக்கத்துக்கும் வாய் நாற்றத்துக்கும் நல்லது என்று பாட்டிலில் போட்டிருந்தது. செவ்வாய் சாயங்காலமும் நேற்று இரண்டு வேளையும் பஞ்சில் நனைத்துத் தடவினேன். இன்று காலை பார்த்தால் எச்சில் ஒழுகி நெஞ்சு மயிரெல்லாம் நனைந்து கிடக்கிறது. எழுந்து நடந்தால் பின்னங்கால் பின்னுகிறது. பாலைத் தொடவில்லை. மீனை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நான் சொல்வது நாயைப் பற்றி அல்ல, பூனையைப் பற்றி. என் மனைவி சண்முகத்தாயின் பூனை. தவிட்டு நிறம் என்பதால் தவிடு என்று பெயர் வைத்திருக்கிறாள். நாய்கள் தோட்டத்தில் இருப்பதால் இது வீட்டில் வளர்கிறது. மூன்று தலைமுறையாக வேட்டை நாய் வளர்க்கிற குடும்பத்தில் பூனை இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று இருந்தேன்.

சண்முகத்தாய் தங்கையின் பிரசவத்துக்காகக் கான்சாபுரம் போயிருக்கிறாள். பஸ் ஏறும்போது சொன்னாள்: “தோட்டத்துல உங்களுக்கு எம்புட்டு நாய் வேணாலும் இருக்கட்டும். எனக்கு இது ஒண்ணுதான். நான் திரும்பி வாரப்ப இது வாசல்ல நிக்கணும், பார்த்துக்கிடுங்க.” எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. இன்னும் பத்து நாளில் வந்துவிடுவாள்.

உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது. சாயங்காலம் காய்ச்சல் மாத்திரையில் கால்வாசியைக் கரைத்துக் கொடுக்கப் போகிறேன். இதை உங்களிடம் யோசனை கேட்டு எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

பூனை பிழைக்காவிட்டால் அந்தப் பாட்டிலோடு உங்கள் கடை வாசலில் வந்து நாலு பேர் முன்னால் பேசுவேன். நாலு பேர் முன்னால் பேசுவது எப்படி என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்தை ஐயாதுரையிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வே. உக்கிரபாண்டி, எம்.ஏ.


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.2.1993, மத்தியானம்

பாண்டி,

மாத்திரை கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் இதைக் கீழே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. மிச்சத்தைப் பிறகு படி.

நமக்குக் காய்ச்சலை இறக்குகிற அந்த மாத்திரை பூனைக்கு விஷம். கால்வாசி என்ன, ஒரு கிள்ளு கூட ஆகாது. தைலமும் அப்படித்தான். அதில் இருப்பது கிராம்பு எண்ணெய். பல்வலி வந்தால் நாம் பஞ்சில் வைத்துக்கொள்கிறோம், அந்தப் பாட்டிலில் இருக்கிற அளவு ஒரு பெரிய நாய்க்குத் தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு அதைக் கழித்து வெளியே தள்ளத் தெரியாது. பூனைக்குத் துப்பவும் தெரியாது. நீ ஈறில் தடவியதெல்லாம் வயிற்றுக்குத்தான் போயிருக்கும்.

சுத்தமான துணியை ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வாயோரம், மீசை, நெஞ்சு மயிர் எல்லாவற்றையும் துடைத்துவிடு. இல்லையென்றால் தன்னைத் தானே நக்கி மறுபடியும் உள்ளே அனுப்பும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதே. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ. பாட்டிலையும் கொண்டு போ. எத்தனை தடவை, எவ்வளவு தடவினாய் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல். பூனையோடு போக வெட்கமாக இருந்தால் உன் தலையில் இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டு போ. ஆனால் போ.

உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். லீவு என்றார்கள். நானே பஸ் ஏறியிருப்பேன். நீ கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை, அதைச் சோதித்துப் பார்க்கப் பூனைக்கு நேரமும் இல்லை. ஐயாதுரை உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு ஐயாதுரை கடைக்கு வந்து, “பாண்டி அண்ணாச்சி நாய்க்கு வாய் நாறுதாம் பாய். நல்ல மருந்தாக் குடுங்க” என்றார். நாய் என்று அவர் சொன்னாரா, நீ சொன்னாயா?

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஏலே என்று திட்டியிருக்கலாம்.

மதார்


ராஜபாளையம்
7.2.1993

திரு. மதார் சாகிப் அவர்களுக்கு,

மாத்திரை கொடுக்கவில்லை. கரைத்துக் கரண்டியில் எடுத்திருந்தபோது ஐயாதுரை கதவைத் தட்டினார். தெருவில் பஸ் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் எழுதியதில் முதல் வரியை மட்டும் அங்கேயே நின்று படித்தேன். கரண்டியை முற்றத்தில் கொட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் எல்லாரும் நாய்க்காரர்கள். சேத்தூர் பொன்னுராஜும் இருந்தான். துண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏலே, உக்கிரபாண்டி வீட்டு நாய் இம்புட்டுச் சின்னதாப் போச்சே” என்றான். பக்கத்தில் இருந்தவன், “காதாவது கேக்குதான்னு தட்டிப் பாருங்கடே” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் கேலி யார் கொடுத்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாலு பேர் கூடியிருந்தபோது, பட்டாளத்து மேஜர் ஒருவர் குட்டி வாங்க என் தோட்டத்துக்கு வந்தார். வெள்ளைக் குட்டி, ரோஸ் மூக்கு, அப்படி ஒரு குட்டி அதற்கு முன்னும் பின்னும் எனக்குப் பிறக்கவில்லை. நீங்கள் அதன் முதுகுப் பக்கம் போய் நின்று கை தட்டினீர்கள். குட்டி திரும்பவில்லை. “இதுக்குக் காது கேக்காது சார்” என்றீர்கள். உண்மைதான். வெள்ளைக் குட்டிகளில் சில அப்படிப் பிறக்கும். ஆனால் என் காது நன்றாகத்தானே கேட்கிறது. அதில் வந்து சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து என் நாய்களைப் பார்க்க வருகிறவன் எவனும் முதலில் கையைத் தட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறான்.

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். “நாய்க்கு மட்டும்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கே, படிக்கலையா?” என்றார். படித்தேன் என்றேன். உருவத்தில் நாயில் பாதி கூட இல்லை என்பதால் பாதி அளவு தடவினேன் என்றேன். “பூனைங்கிறது சின்ன நாய் இல்ல அண்ணாச்சி. அது வேற உடம்பு” என்றார். பொன்னுராஜ் முன்னால் அதையும் கேட்டுக்கொண்டேன்.

தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். தினமும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நேற்று தள்ளாட்டம் குறைந்தது. எச்சில் நின்றுவிட்டது. ஆனால் இன்னும் எதுவும் தின்னவில்லை. தின்ன ஆரம்பித்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். சண்முகத்தாய் போன் செய்து, தவிடு என்ன செய்கிறது என்று ஆபீஸில் கேட்டிருக்கிறாள். தூங்குகிறது என்று சொல்லச் சொன்னேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: நாய் என்று சொன்னது நான். பூனை என்று சொன்னால் அடுத்த டிரிப்புக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். என் நாய்களின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் நீங்கள். எத்தனை வயது, எந்தப் பல் என்று ஒரு கேள்வி ஐயாதுரையிடம் கேட்டிருந்தால் அவர் முழித்திருப்பார், விஷயம் உங்கள் கடையோடு நின்றிருக்கும். ஏன் கேட்கவில்லை?

இப்படிக்கு,
வே. உக்கிரபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.2.1993

பாண்டி,

நியாயமான கேள்வி. நாலு நாளாக அதைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலைவலி மாத்திரை கேட்டு வந்தால் கூட, யாருக்கு, எத்தனை நாளாக, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு உயிரை எடுக்கிறவன் நான். “மருந்து வாங்க வந்தவுகள போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கீகளே” என்று வீட்டில் அசீனாவே சொல்லுவாள். அன்றைக்கு ஐயாதுரை உன் பெயரைச் சொன்னதும் என் வாய் அடைத்துப் போனது. உன் நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் உன்னை இழந்தேன். மறுபடியும் ஏதாவது கேட்டால், மதார் இன்னும் என் நாய்களில் குறை தேடுகிறான் என்று நினைப்பாய் என்று பயந்தேன். பாண்டி நம் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறானே என்ற சந்தோஷம் வேறு. அலமாரியில் இருந்ததில் நல்ல பாட்டிலாகப் பார்த்து எடுத்து, தூசியைத் துடைத்துக் கொடுத்தேன். உன் கோபத்துக்குப் பயந்து நான் கேட்காமல் விட்டது, ஊர் பேச்சுக்குப் பயந்து நீ சொல்லாமல் விட்டது, இரண்டும் சேர்ந்து அந்தப் பூனையின் வாய்க்குள் போயிருக்கிறது.

மேஜர் முன்னால் கை தட்டியதைப் பற்றித் தபாலில் எழுத மாட்டேன். குட்டிக்குக் காது கேட்காது என்று சொன்னதற்கு எப்போதும் வருத்தப்பட மாட்டேன். அதைச் சொன்ன இடத்தைப் பற்றி நேரில் பேசலாம், நீ நேரில் பேசுகிறவனாக இருந்தால்.

இப்போது பூனை. எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. அசீனா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மத்தி மீனை வெறும் தண்ணீரில் வேகவை. உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் கூடாது. வெங்காயம் பூனைக்கு ஆகவே ஆகாதாம். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது விரலில் தொட்டு மூக்குக்குப் பக்கத்தில் காட்டு. வாயில் திணிக்காதே. “அண்ணன் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கட்டும். பூனையவே பார்த்துக்கிட்டு இருந்தா அது திங்காது” என்கிறாள்.

வாய் நாறியதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். உடம்பு தேறியதும் டாக்டரிடம் பல்லைக் காட்டு. அதுவரைக்கும் வாயில் எதையும் வைக்காதே. பல்பொடி, உப்பு, நம்முடைய பேஸ்ட் எதுவும் வேண்டாம். நம் பேஸ்ட் தேய்த்துத் துப்புவதற்காகச் செய்தது. துப்பத் தெரியாத வாய்க்கு அது ஆகாது.

தின்றதா இல்லையா என்று ஒரு வரி போடு. என்னைத் திட்டிக்கொண்டே போட்டாலும் சரி.

மதார்


ராஜபாளையம்
2.3.1993

மதார்,

ஒரு வரி போடச் சொல்லியிருந்தாய். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் மீன் தண்ணீரைத் தொட்டு விரலை நீட்டிவிட்டுப் பேப்பரில் கண்ணை வைத்திருந்தேன். தலையங்கம் முடிகிற இடத்தில் விரலில் சொரசொரப்பாக ஏதோ பட்டது. திரும்பவில்லை. விளம்பரம் வரைக்கும் படித்தேன். கிண்ணம் காலியாகும்வரை இன்னும் மூன்று தடவை விரலை நனைத்தேன். உன் மனைவியிடம் இதைச் சொல்.

சண்முகத்தாய் வந்து இறங்கிய நாளில் பஸ் ஸ்டாண்டிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இறங்கியவள் என்னைப் பார்க்காமல், “அது வாசல்ல நிக்குதா?” என்றாள். சொன்னேன். தைலம், பாதி அளவு, கரண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். “எம்.ஏ. படிச்ச மனுசன். பூனைன்னு ஒரு சொல்லு சொல்ல அம்புட்டு வெக்கமா?” என்றாள். பையை அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசலில் தவிடு நின்றது. மெலிந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் எனக்குச் சோறு போட வரவில்லை. சமையலறையில் நானே போட்டுக்கொண்டேன். நான்கு நாள் அப்படிப் போனது.

போன வாரம் டாக்டர் மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்து பார்த்தார். கடைவாயில் ஒரு பல் வேர் வரைக்கும் சொத்தை. அதைப் பிடுங்கினார், மற்றப் பற்களில் பிடித்திருந்த காரையைச் சுரண்டினார். நாற்றத்துக்குக் காரணம் அதுதான். மூன்று வேளை அல்ல, மூன்று வருடம் தைலம் தடவியிருந்தாலும் போயிருக்காது. இனி அப்படி வராமல் இருக்கத் தினமும் பல்லைத் துடைத்துவிட வேண்டுமாம். பிடுங்கிய பக்கம் ஆறும்வரை தொடக்கூடாது, மறு பக்கம் மட்டும்.

எதை வைத்துத் துடைப்பது என்று டாக்டர் யோசித்தார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் மேனேஜராக இருக்கிறவனிடம் அந்தக் கேள்வி. உலகத்துக் காயத்தையெல்லாம் கட்டுகிற துணி எங்களிடம் பேல் பேலாகக் கிடக்கிறது. ஒரு துண்டை விரலில் சுற்றி, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்தேன். முதல் நாள் கன்னத்தை மட்டும் தடவினேன். மறுநாள் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த நாள் இரண்டு பல். காது பின்னால் மடிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவேன். இப்போது ஒரு பக்கம் முழுவதையும் காட்டுகிறது. பல்லின் உள்பக்கம் தேய்க்க வேண்டியதில்லை, அதை அதன் நாக்கே பார்த்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர்.

நேற்று சண்முகத்தாய் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, கல்யாணமாகி இத்தன வருசத்துல எனக்கு ஒரு நாளாவது இப்பிடிக் கன்னத்தத் தடவி விட்டிருக்கீகளா?” என்றாள். அப்புறம் எனக்குக் காப்பி வந்தது.

நோன்பு தொடங்கிவிட்டது என்று ஐயாதுரை சொன்னார். வெயில் அதிகம். கடையில் நின்றுகொண்டே இருக்காதே.

உக்கிரபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.3.1993

பாண்டி,

நோன்போடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பெருநாளுக்காக என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். உன் தவிட்டின் கதையை அசீனா அவனுக்கு ஏற்கெனவே போனில் சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் துணி எடுத்து வந்தவன் உனக்கு ஒரு டியூப் கொண்டு வந்திருக்கிறான். பூனைக்கென்றே செய்த பற்பசை. அட்டையில் பூனைப் படம் போட்டிருக்கிறது. நான் படத்தை நம்பவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்து முழுவதையும் படித்தேன். பூனைக்கு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. விழுங்கினாலும் கெடுதல் இல்லை, கழுவ வேண்டாம் என்று இருக்கிறது. கிராம்பு இல்லை. நம் பேஸ்ட்டில் போடுகிற ஃபுளோரைடும் இல்லை. கோழிக்கறி வாசனையாம். காலாவதித் தேதிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் திறக்காதே. முதல் நாள் விரலில் ஒரு பயறளவு வைத்து நக்க விடு. ஒரு நாள் பொறுத்து, வாந்தியோ எச்சிலோ இல்லை என்றால் துணியில் வைத்துத் தேய். டியூபை எட்டாத உயரத்தில் வை. ருசி கண்டுவிட்டால் மூடியைக் கடித்து மொத்தத்தையும் தின்றுவிடும்.

ஐயாதுரையிடம் கொடுத்து அனுப்பட்டுமா? இந்தத் தடவை நன்றாக விசாரித்தேன். “யாருக்கு?” என்றேன். “பாண்டி அண்ணாச்சி பூனைக்கு” என்றார். “பூனை என்று உமக்கு யார் சொன்னது?” என்றேன். “நல்லாக் கேட்டீக பாய். அது கிருஷ்ணன்கோயில் வரைக்கும் தெரியும்” என்றார்.

பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா?

மதார்


ராஜபாளையம்
11.3.1993

மதார்,

ஆறிவிட்டது. இரண்டு பக்கமும் தொடலாம் என்று டாக்டர் நேற்று சொன்னார். நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். அதில் இருப்பதாக நீ சொன்னவை எல்லாம் சரி, டியூபைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். வரிசையில் பொன்னுராஜ் இருந்தான். வெளியே வரும்போது பின்னாலேயே வந்து, “அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. அதுக்கும் வாய் நாறுது. எம் பொண்டாட்டி நாய் மருந்தத்தான் தடவுதா” என்றான். நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று அரை மணி நேரம் நடுத்தெருவில் நின்று விளக்கினேன். பேண்டேஜ் துணி ஒரு கட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தவன் என்பதை நான் மறக்கவில்லை. அது வேறு கணக்கு.

டியூபை ஐயாதுரையிடம் கொடுக்க வேண்டாம்.

சண்முகத்தாயிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “மதார் அண்ணன் இங்க வந்து, கையில வச்சுப் பார்த்து, அதுக்கு மொதத் தடவ அவுகளே குடுக்கட்டும். பொறவு நீங்க தேயுங்க. உங்க இங்கிலீஷ நம்பி இன்னொரு வாட்டி அது வாயில எதையும் வைக்க விடமாட்டேன்” என்றாள். துணியும் தண்ணீரும் என் பொறுப்பில் இருக்கலாம், புதிதாக எது வந்தாலும் நீ சொல்ல வேண்டும். இந்த வீட்டில் இப்போது அதுதான் சட்டம். அதை மாற்றுகிற நிலையில் நான் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வா. சாயங்காலம் ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார், அவரிடமும் காட்டிவிடலாம். நோன்பு நாள் என்று தெரியும். பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தால், தொழ மாடியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சண்முகத்தாய் நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஊறப்போடப் போகிறாள், அளவுக்கு அசீனாவைத்தான் கேட்க வேண்டும் என்கிறாள். அவளையும் அழைத்து வா. இங்கே நல்ல பேரீச்சம்பழம் கிடைப்பதில்லை, அதை நீயே கொண்டு வந்துவிடு.

தோட்டத்தில் இப்போது ஐந்து குட்டிகள் இருக்கின்றன. இரண்டு வெள்ளை. வாங்க ஆள் வருவதற்கு முன்னால், நான் மட்டும் பக்கத்தில் இருக்கும்போது, நீ அவற்றின் பின்னால் நின்று கை தட்ட வேண்டும். எந்தக் குட்டி திரும்பவில்லை என்று என்னிடம் சொல். வாங்குகிறவரிடம் அதை நான் சொல்கிறேன்.

இதற்குக் கீழே என்ன போடுவது என்று செத்த நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பட்டத்தோடு போட்டால் நோட்டீஸ் அனுப்பியது போல இருக்கிறது. முன்பெல்லாம் எழுதுவதுபோல ‘உன் பாண்டி’ என்று போட இன்னும் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு பெயர் இல்லை. தபால் பெட்டியைத் திறந்து எடுக்கிற நேரமாகிவிட்டது. கையெழுத்து இல்லாமலே போடுகிறேன்.